பாட்டுக்குள் இருக்கும் சீட்டு

ஒலிநாடாவும் குறுந்தகடும் வழக்கொழிந்து, பாடல்கள் கணினியிலும் கைப்பேசியிலும் கோப்புகளாகக் குடியேறிய பிறகு, இசையைச் சேர்ப்பது எளிதாகி, சேர்த்தவற்றுள் வேண்டியதைத் தேடி எடுப்பது அரிதாகிவிட்டது. நொடிக்கு 128 கிலோபிட் என்ற நடுத்தரமான தரத்தில் சுருக்கப்பட்ட 4 நிமிடப் பாடல் ஏறத்தாழ 4 மெகாபைட் இடத்தையே பிடிக்கும் என்பதால், 1 லட்சம் பாடல்கள் 400 கிகாபைட்டுக்குள் அடங்கி, சட்டைப்பையில் வைக்கத்தக்க ஒரு வன்தட்டில் இடம்பெற்றுவிடுகின்றன. ஆனால் அத்தனை பாடல்களையும் இரவு பகலாகக் கேட்டு முடிக்க ஏறத்தாழ 278 நாட்கள் வேண்டும். ஒலிக்கவிட்டுத்தான் ஒரு பாடலை இன்னதென்று அறிய வேண்டும் என்ற நிலையில் இருக்கும் சேகரிப்பு, எவ்வளவு பெரியதாக இருப்பினும், உடையவருக்குப் பயன்படுவதில்லை. ஒவ்வொரு பாடலோடும் அதன் பெயர், பாடியவர், இசையமைத்தவர், வெளிவந்த ஆண்டு முதலான விவரங்களை இணைத்து வைக்கும்போதுதான் கோப்புகளின் குவியல் நூலகமாகிறது.

இவ்விவரங்களைத் தாங்கும் பகுதியைக் கணினி வழக்கில் டேக் என்பர். தமிழில் அதை விவரச்சீட்டு எனலாம். கோப்பின் பெயர் வேறு, விவரச்சீட்டு வேறு என்பதை முதலில் தெளிந்துகொள்வது நல்லது. கோப்பின் பெயர் டப்பாவின் மேல் ஒட்டிய தாளைப் போன்றது. யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம், ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும்போது அது சிதைந்தும் போகலாம். விவரச்சீட்டோ கோப்பின் உள்ளேயே, ஒலித்தரவுக்கு முன்போ பின்போ தனிப் பகுதியாக எழுதப்படுவதால், கோப்பு எங்கே போனாலும் உடன் போகிறது. அதை எத்தனை முறை திருத்தினாலும் ஒலித்தரவு தொடப்படுவதில்லை. ஆகவே பாட்டின் தரம் குறையுமோ என்ற அச்சத்துக்கு இடமில்லை.

பாட்டோடு பெயரையும் சேர்த்து அனுப்ப வேண்டிய தேவை கணினிக்கு மிக முந்தியது. 1902இல் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கிராமஃபோன் நிறுவனத்துக்காகக் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தபோது, இசைத்தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் அச்சிடப்பட வேண்டியிருந்தது. மொழியறியாத தொலைதூரத் தொழிலாளர்கள் எந்தத் தட்டில் எவர் பெயரை ஒட்டுவது என்று அறியும்பொருட்டு, பாடகியே பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவித்தார். அந்த அறிவிப்பு ஒலிக்குள்ளேயே பதிந்துபோன விவரச்சீட்டு. பிற்காலத்தில் தமிழ் நேயர்களுக்கு அந்தப் பணியை வானொலி செய்தது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பிலும் விவித் பாரதியிலும் அறிவிப்பாளர்கள் படத்தின் பெயர், பாடியவர், பாடலை இயற்றியவர், இசையமைத்தவர் எனச் சொல்லிச் சொல்லியே, எழுத்தறியாதவரும் பாடலாசிரியர்களின் பெயர்களை நினைவில் வைத்திருந்த ஒரு தலைமுறை உருவாயிற்று.

எம்பி3 கோப்புகள் முதலில் இத்தகைய அறிவிப்பு ஏதுமின்றியே பிறந்தன. ஒலியைச் சுருக்குவதற்கான அந்த முறையை வகுத்தவர்கள், பாட்டின் பெயரை எங்கே வைப்பது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் கடைசியில் 128 பைட் நீளமுள்ள ஒரு துண்டைச் சேர்க்கும் வழியைக் கண்டார். ஐடி3 என்று பெயர் பெற்ற விவரச்சீட்டின் முதல் வடிவம் அதுவே. பைட் என்பது கணினி நினைவகத்தின் சிறிய அளவை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். 128 பைட்டில், இது விவரச்சீட்டு என்று அடையாளம் காட்ட 3, பாட்டின் பெயருக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசைவகைக்கு 1 என்று பங்கு பிரிக்கப்பட்டது. பாட்டின் வரிசை எண்ணுக்குக்கூட அதில் இடமில்லை. அடுத்த ஆண்டில்தான் குறிப்புக்கான இடத்தின் வாலில் 2 பைட்டை எடுத்து அதற்கு வழி செய்தார்கள்.

இந்த 30 பைட் தமிழுக்கு எவ்வளவு குறுகலானது என்பதை ஒரே ஒரு பெயரை வைத்து அளந்து பார்க்கலாம். உலக மொழிகள் அனைத்தையும் ஒரே எண்வரிசையில் அடக்கும் யூனிகோட் முறையில், இணையத்தில் பெருவழக்கான யூடிஎஃப்-8 குறியேற்றத்தின்படி தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்கிறது; கால், கொம்பு, புள்ளி ஆகியவையும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். விஸ்வநாதன் என்ற பெயரில் வ, இகரக்குறி, ஸ, புள்ளி, வ, ந, கால், த, ன, புள்ளி என 10 குறிகள் இருப்பதால், அது சரியாக 30 பைட்டை நிரப்பிவிடுகிறது. முன்னெழுத்துகளான எம்.எஸ். என்பதற்கு இடமில்லை, அவரோடு இணைந்து இசையமைத்த ராமமூர்த்தியையும் சேர்ப்பது நினைக்கவே முடியாதது. இசைவகைக்கு ஒதுக்கிய ஒற்றை பைட்டில் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணே எழுதப்பட்டது. அந்த எண்களுக்குரிய முதல் பட்டியலில் இருந்த 80 வகைகளில் கிரஞ்சு, டெக்னோ, போல்கா ஆகியவை உண்டு; கர்நாடக இசையும் இந்துஸ்தானி இசையும் இல்லை. அவற்றையெல்லாம் எத்னிக் என்ற ஒரே பெயருக்குள் திணிக்க வேண்டியிருந்தது. அந்த அச்சு அமெரிக்க, ஐரோப்பிய பாப் இசைக்கென வார்க்கப்பட்டது என்பதையும், தமிழ்ப் பாட்டை அதில் ஊற்றும்போது வழிந்து போவது எது என்பதையும் சேகரிப்பாளர் தாமே கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இந்தப் பட்டியல் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது.

1998இல் மார்ட்டின் நில்சன் முதலியோர் வகுத்த ஐடி3யின் இரண்டாம் பதிப்பு இந்த நெருக்கடியைத் தீர்த்தது. அது கோப்பின் தலைப்பகுதியில் அமைந்து, ஒவ்வொரு விவரத்துக்கும் தனித்தனிக் கட்டம் வகுத்து, தேவைக்கேற்ப நீள இடம் கொடுத்தது; அட்டைப்படம், பாடல் வரிகள், பாடலாசிரியர், பதிவு நிறுவனம் ஆகியவற்றுக்கும் அதில் கட்டங்கள் உண்டு. யூனிகோட் எழுத்துகளை ஏற்கும் வசதியும் இதில்தான் வந்தது. தரம் இழக்காமல் ஒலியைச் சுருக்கும் ஃப்ளாக் என்னும் வடிவம் 2001இல் வெளிவந்தது; அதன் விவரச்சீட்டு இன்னும் எளிமையாக அமைந்தது: இடப்புறம் விவரத்தின் பெயர், நடுவில் சமக்குறி, வலப்புறம் மதிப்பு என்று வேண்டிய அளவு வரிகளை எழுதிக்கொள்ளலாம். ராகம் என்ற பெயரில் ஒரு வரியை எவரும் புதிதாகத் தொடங்கலாம். பாடகர் மூவர் என்றால் பாடகர் என்ற வரியை மூன்று முறை எழுதலாம்.

குறுந்தகட்டிலிருந்து பாடல்களைக் கணினிக்கு மாற்றியவர்கள், பாட்டின் பெயர்கள் திரையில் தாமாகவே தோன்றுவதைக் கண்டு, அவை தகட்டிலேயே எழுதப்பட்டிருப்பதாக எண்ணியிருக்கலாம். தகட்டின் மூல இலக்கணத்தில் பெயர்களுக்கு இடமில்லை. ஒவ்வொரு பாட்டும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை நொடிக்கு 75 கூறுகளாகப் பிரித்துக் காட்டும் ஓர் அட்டவணை மட்டுமே அதில் உண்டு. இரண்டு தகடுகளின் பாட்டு நீளங்கள் முற்றும் ஒத்துப்போவது அரிது என்பதால், அந்த அட்டவணையையே தகட்டின் கைரேகையாகக் கொண்டு, அதற்கு நேரே பெயர்களைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளத்தை 1990களில் டி கான், ஸ்டீவ் ஷெர்ஃப் ஆகியோர் உருவாக்கினர். அதிலுள்ள பெயர்களைத் தட்டச்சு செய்தவர்கள் உலகெங்கும் இருந்த சாதாரண நேயர்களே. அத்தளம் பின்னர் வணிக நிறுவனமாக மாறியபோது, தங்கள் உழைப்பு பூட்டப்பட்டுவிட்டதாகப் பலர் வருந்தினர். அந்த வருத்தத்திலிருந்து பிறந்தவற்றுள் ஒன்று, ராபர்ட் கேய் தொடங்கிய மியூசிக்பிரெய்ன்ஸ் என்னும் திறந்த தரவுத்தளம். இன்று அதன் அடிப்படைத் தரவுகளை எவரும் தடையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம், விடுபட்ட பாடல்களையும் சேர்க்கலாம்.

மியூசிக்பிரெய்ன்ஸோடு இணைந்த பிகார்ட் என்னும் இலவசச் செயலி, பெயரே இல்லாத கோப்பையும் அதன் ஒலியைக் கொண்டு அடையாளம் காண முயல்கிறது. பாட்டின் முதல் 2 நிமிட ஒலியை எடுத்து, அதன் ஆற்றல் ஒரு ஸ்தாயியின் 12 சுர இடங்களில் நேரத்துக்கு நேரம் எப்படிப் பரவியிருக்கிறது என்று கணக்கிட்டு, அக்கணக்கைச் சுருக்கிய எண்தொடராக்கி, தளத்தில் உள்ள தொடர்களோடு ஒப்பிடும் முறை இதற்கு அடிப்படை. குறுந்தகட்டிலிருந்து நேரே எடுத்த பாட்டென்றால் விடை பெரும்பாலும் சரியாக வரும். ஒலிநாடாவிலிருந்து மாற்றிய பாட்டில் இம்முறை தடுமாறுவதற்குக் காரணம் உண்டு: நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டிய நாடா, பழைய இயக்கியின் தேய்ந்த மோட்டாரில் சற்றே விரைந்தோ தயங்கியோ ஓடியிருந்தால், சுரமும் காலமும் சேர்ந்தே நகர்ந்துவிடுகின்றன. இயந்திரம் தவறும் அந்த இடத்தில் மனிதக் காது தவறுவதில்லை.

விவரங்கள் கிடைத்த பிறகு எழும் கேள்வி, அவற்றை எப்படி அடுக்குவது என்பது. கணினி பழகிய பலரும் முதலில் நாடுவது கோப்புறைகளை: இசையமைப்பாளருக்கு ஒரு கோப்புறை, அதனுள் படத்துக்கு ஒன்று என்று. இதில் உள்ள இடர், ஒரு பாட்டு ஓரிடத்தில்தான் இருக்க முடியும் என்பதே. இளையராஜாவின் கோப்புறைக்குள் சென்ற பாட்டை, வாலி எழுதியது என்ற வழியிலோ, எஸ். ஜானகி பாடியது என்ற வழியிலோ, 1980களில் வந்தது என்ற வழியிலோ தேடிச் செல்ல இயலாது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு நகல் வைத்தால் இடம் வீணாவதோடு, ஒன்றைத் திருத்தும்போது மற்றவை பழைய பிழையோடு நின்றுவிடும்.

இந்தச் சிக்கலை நூல்களின் உலகில் நேர்கொண்டு விடை கண்டவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ.இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், அறிவை மரத்தின் கிளைகளைப் போல மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டே போகும் முறை போதாது என்று கண்டு, ஒரு நூலின் பொருளைப் பல முகங்களாகப் பகுத்து, அம்முகங்களை முக்காற்புள்ளியால் கோத்து எழுதும் கோலன் பகுப்புமுறையை 1933இல் வெளியிட்டார். ஒரே நூலுக்கு இடமும் ஒரு முகம், காலமும் ஒரு முகம், பேசுபொருளும் ஒரு முகம். விவரச்சீட்டின் கட்டங்களும் இத்தகைய முகங்களே: கோப்பு வன்தட்டில் எங்கோ ஓரிடத்தில் கிடக்க, இசைச் செயலி கேட்பவரின் கேள்விக்கேற்ப எந்த முகத்தின் வழியாகவும் அதைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்வது. நேயருக்கும் அது அப்படியே பொருந்தும்.

ஆகவே, என்னென்ன கட்டங்களை நிரப்புவது என்பதைச் செயலியின் அமைப்பு முடிவு செய்யக்கூடாது. கேட்பவர் எவ்வழியாகத் தேடுவார் என்பதே முடிவு செய்ய வேண்டும். மேலைநாட்டு நேயர் ஒரு பாட்டைக் கலைஞர், ஆல்பம் என்ற இரண்டு கைப்பிடிகளால் தூக்குகிறார். தமிழ்த் திரைப்பாடலைத் தேடும் நேயரோ பல்லவியின் முதற்சொற்களையோ, படத்தையோ, நடிகரையோ, கவிஞரையோ, பாடகரையோ நினைவில் கொண்டு வருகிறார். கலைஞர் என்ற ஒற்றைக் கட்டத்தில் இவர்களுள் எவரை எழுதுவது என்ற குழப்பத்தால்தான், ஒரே சேகரிப்பில் ஒரு பாட்டுக்கு அக்கட்டத்தில் பாடகரும், மற்றொன்றுக்கு இசையமைப்பாளரும், வேறொன்றுக்குப் படத்தின் நாயகரும் இடம்பெற்றிருக்கக் காண்கிறோம்.

இதற்குத் தெளிவான ஒரு வழி உண்டு. கலைஞர் கட்டத்தில் பாடியவர்கள் அனைவரையும் தனித்தனி மதிப்புகளாக எழுதுவது. இயற்றியவர் என்று பொருள்படும் கம்போசர் கட்டத்தில் இசையமைப்பாளரை எழுதுவது. ஐடி3யின் இரண்டாம் பதிப்பிலேயே உள்ள பாடலாசிரியர் கட்டத்தைத் தவறாமல் நிரப்புவது. ஆல்பம் கட்டத்தில் படத்தின் பெயரைத் தருவது. இவற்றோடு, ஆல்பத்துக்குப் பொதுவான கலைஞர் என்ற கட்டமொன்று உண்டு. அதை வெறுமையாக விட்டால், 6 பாடல்களை 6 பேர் பாடிய ஒரு படத்தைச் சில செயலிகள் 6 ஆல்பங்களாக உடைத்துக் காட்டும். அதில் இசையமைப்பாளரின் பெயரை எழுதிவிட்டால் படம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பாடலாசிரியரின் கட்டத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வானொலி அறிவிப்பாளர் நாள்தோறும் சொல்லி வந்த அந்தப் பெயர்தான் கோப்புகளில் மிகுதியும் காணாமற் போயிருக்கிறது என்பது. கட்டம் இருக்கிறது, நிரப்புவாரில்லை.

படத்தின் பெயரை மட்டும் எழுதுவதும் போதாது. ஆயிரத்தில் ஒருவன் என்ற பெயரில் 1965இல் விஸ்வநாதன், ராமமூர்த்தி இசையில் ஒரு படமும், 2010இல் ஜி.வி. பிரகாஷ்குமார் இசையில் வேறொரு படமும் வந்தன. பில்லா 1980இல் எம்.எஸ். விஸ்வநாதன் இசையிலும் 2007இல் யுவன் சங்கர் ராஜா இசையிலும் வந்தது. பெயரோடு ஆண்டையும் சேர்த்து எழுதாவிட்டால் இரண்டு படங்களின் பாடல்களும் ஒரே அட்டைப்படத்தின் கீழ் கலந்து நிற்கும். ஆண்டிலும் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. பழைய பாடல்களைத் தொகுத்துப் பிற்காலத்தில் வெளியிட்ட குறுந்தகட்டிலிருந்து எடுத்த கோப்பில், தகடு வெளிவந்த ஆண்டே எழுதப்பட்டிருக்கும். அதை நம்பினால் 1964இன் பாட்டு 1998இன் வரிசையில் போய் அமர்ந்துவிடும். மூல வெளியீட்டு ஆண்டுக்கென்று விவரச்சீட்டில் தனிக் கட்டம் இருந்தும் பல செயலிகள் அதைக் காட்டுவதில்லை என்பதால், திரைப்பாடலுக்குப் படம் வெளிவந்த ஆண்டையே முதன்மை ஆண்டாக எழுதி, தகட்டின் ஆண்டைக் குறிப்பில் வைப்பதே தக்கது.

இரட்டையரின் பெயரிலும் கவனம் தேவை. விஸ்வநாதன், ராமமூர்த்தி என்று ஒரே மதிப்பாக எழுதினால், விஸ்வநாதனைத் தேடும்போது 1965 வரையிலான அவருடைய பணியின் பெரும்பகுதி வேறொரு பெயரின் கீழ் மறைந்து நிற்கும். இரண்டு தனி மதிப்புகளாக எழுதுவதே முறை. ஐடி3யின் 2.3ஆம் பதிப்பு பல பெயர்களைச் சாய்கோட்டால் பிரிக்கச் சொன்னது. பெயரிலேயே சாய்கோடு கொண்ட ஆஸ்திரேலிய ராக் குழுவான ஏசி/டிசியை அது இரண்டாக உடைத்துவிட்ட கதை பரவலாக அறியப்பட்டது. பின்வந்த 2.4ஆம் பதிப்பில் இக்குறை நீங்கியது.

தமிழ்ச் சேகரிப்பில் மிகுந்த உழைப்பைக் கேட்பது எழுத்துக்கூட்டல். ஆங்கில எழுத்தில் எழுதும்போது இளையராஜா என்ற பெயர் நான்கைந்து விதமாக வருவதை எவரும் கண்டிருப்பர். செயலிக்கு அவர்கள் நான்கைந்து பேர். தமிழ் எழுத்திலேயே எழுதினால் இத்தொல்லை பெரிதும் குறையும், ஆனால் முற்றும் நீங்கிவிடாது. சௌந்தரராஜன் என்ற பெயரின் முதலெழுத்தைச் சிலர் ஔகாரக் குறியோடு சரியாகத் தட்டுகின்றனர். சிலர் ஒற்றைக் கொம்பு, ச, அதன்பின் ள என்ற எழுத்து என்று செளந்தரராஜன் ஆக்கிவிடுகின்றனர். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரிவது அரிது. கணினிக்கோ முன்னவர் ஒருவர், பின்னவர் மற்றொருவர். அவ்வாறே ஸ்ரீ என்ற எழுத்து, வழக்கமான ஸ் உடன் ரீ சேர்த்தும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ் உடன் ரீ சேர்த்தும், இரு வழியில் உருவாகி ஒரே தோற்றம் காட்டும். பி. சுசீலா பல மொழிகளில் பாடிய 17,695 பாடல்களைக் கின்னஸ் நிறுவனம் 2016இல் கணக்கில் கொண்டது. அத்தகைய ஒருவரின் முன்னெழுத்துக்குப் பின் புள்ளியும் இடைவெளியும் உண்டா இல்லையா என்ற ஒரு சிறு விதியை முதல் நாளிலேயே எழுதி வைக்காதவர், பின்னர் ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திரும்பத் தொட வேண்டியிருக்கும்.

யூனிகோட் பரவுவதற்கு முன் தனியார் எழுத்துருக்களிலும் திஸ்கி முதலான குறியேற்றங்களிலும் எழுதப்பட்ட பழைய சீட்டுகள் இன்று பொருளற்ற ரோமன் எழுத்துகளாகத் தோன்றும். அவற்றைக் குப்பையென்று அழித்துவிடலாகாது. எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்று கண்டறிந்து எழுத்துமாற்றியில் இட்டால், எவரோ அக்கறையோடு தட்டிய தமிழ்ப் பெயர்கள் பழுதின்றி மீண்டு வரும்.

அகரவரிசையும் தமிழில் தனிச் சிக்கல். யூனிகோடின் எண்வரிசையில் ந என்ற எழுத்தை அடுத்து ன வந்துவிடுகிறது. ற என்பது ர என்பதற்கும் ல என்பதற்கும் இடையில் நிற்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. எண்வரிசையை அப்படியே பின்பற்றும் செயலியில் பாடல்கள் தமிழ் அகராதியின் வரிசைக்கு மாறாகவே அடுக்கப்படும். தமிழ் முறைப்படி அடுக்கும் வசதியுள்ள செயலியைத் தேர்வது ஒரு வழி. வரிசைப்படுத்துவதற்கென்றே விவரச்சீட்டில் உள்ள துணைக் கட்டங்களைப் பயன்படுத்துவது மற்றொரு வழி.

கர்நாடக இசைச் சேகரிப்புக்கு வந்தால், பாட்டின் பெயர் என்பதே பாதிச் செய்திதான். தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனை ஒன்றை நூறு வித்துவான்கள் பாடியிருக்க, கீர்த்தனையின் பெயர் எந்த நிகழ்ச்சியையும் சுட்டுவதில்லை. இங்கே உருப்படி, அதை இயற்றியவர், ராகம், தாளம், வகை, பாடியவர், வயலின், மிருதங்கம் முதலான பக்கவாத்தியம் வாசித்தவர்கள், கச்சேரி நடந்த சபை, நாள் ஆகியவை அனைத்தும் தனித்தனிக் கட்டங்களைக் கேட்கின்றன. வகை என்பது வர்ணமா, கிருதியா, ராகம் தானம் பல்லவியா, தில்லானாவா என்பது; ஒரு மாலைப்பொழுதில் காம்போதியின் ஆலாபனைகளை மட்டும் அடுத்தடுத்துக் கேட்க விரும்புபவருக்கு, ஆலாபனையைத் தனிக் கோப்பாக வெட்டியிருப்பதும், வகைக் கட்டத்தில் அதை எழுதியிருப்பதும் இன்றியமையாதவை.

ராகத்தின் பெயரில் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். கரகரப்ரியா, கரஹரப்ரியா என்ற வேறுபாடுகளுள் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிற்பது முதலாவது. எந்த மரபின் ராகம் என்பதைச் சேர்த்து எழுதுவது இரண்டாவது: கர்நாடக இசையின் பைரவி வேறு, இந்துஸ்தானியின் பைரவி வேறு, இந்துஸ்தானியார் தோடி என்று பாடுவது நம் சுபபந்துவராளிக்கு நெருக்கமானதேயன்றி நம் தோடிக்கு அன்று. இரு மரபையும் கேட்பவரின் சேகரிப்பில் ராகப் பெயரை மட்டும் நம்பித் தொகுத்தால், தொடர்பற்ற பாடல்கள் ஒரே வரிசையில் ஒலிக்கும். இத்தகைய வேறுபாடுகளை மதித்துத் தரவு சேர்க்க முடியும் என்பதற்குச் சான்று, பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்வுத்திட்டம். சென்னை ஐஐடி ஆய்வாளர்களும் பங்கேற்ற அத்திட்டத்தில், கர்நாடக இசைத் தகடுகளின் ராகம், தாளம், பக்கவாத்தியக் கலைஞர் ஆகிய விவரங்கள் மியூசிக்பிரெய்ன்ஸ் தளத்தில் முறையாகச் சேர்க்கப்பட்டன. கர்நாடக இசைக்கு அந்தத் தளத்தில் ஓர் இடம் கிடைத்திருப்பது, இங்குள்ள ரசிகர்கள் தாமும் சேர்க்க வேண்டும் என்ற ஊக்கத்தைத் தர வேண்டியது.

செயலில் இறங்குபவர் முதலில் செய்ய வேண்டியது சேகரிப்பு முழுவதையும் வேறொரு வன்தட்டில் நகலெடுப்பதே. ஒரே சொடுக்கில் ஆயிரம் கோப்புகளைத் திருத்தும் செயலி, ஒரே சொடுக்கில் ஆயிரம் கோப்புகளைக் கெடுக்கவும் வல்லது. விண்டோஸில் எம்பி3டேக், பல இயக்குதளங்களிலும் ஓடும் கிட்3, முன்சொன்ன பிகார்ட் ஆகியவை இப்பணிக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருபவை. நாளுக்கு 50 பாடல் வீதம் ஒவ்வொன்றாகத் திருத்தினால் 1 லட்சம் பாடலுக்கு 5 ஆண்டுக்கு மேலாகும். படம் படமாகவோ கச்சேரி கச்சேரியாகவோ எடுத்துக்கொண்டால், படத்தின் பெயர், ஆண்டு, இசையமைப்பாளர், அட்டைப்படம் ஆகிய பொது விவரங்களை ஒரே முறை எழுதி எல்லாப் பாடல்களுக்கும் இட்டு, பாடகரையும் பாடலாசிரியரையும் மட்டும் தனித்தனியே நிரப்பலாம். சீட்டு சரியான பிறகு, அதிலுள்ள விவரங்களைக் கொண்டே கோப்புகளுக்குப் பெயரிடவும் கோப்புறைகளில் அடுக்கவும் செயலிக்கு ஆணையிடலாம். கையால் பெயர் மாற்றும் வேலை தேவைப்படாது. புதிதாக வரும் பாடல்களைச் சேகரிப்பில் நேரே கலக்காமல் வரவு என்ற தனிக் கோப்புறையில் நிறுத்தி, சீட்டு எழுதி முடித்த பின்பே உள்ளே விடும் ஒழுங்கைக் கடைப்பிடிப்பவரின் சேகரிப்பே காலப்போக்கில் கலையாமல் நிற்கிறது.

வேவ் வடிவக் கோப்புகளில் எழுதிய விவரங்களைப் பல செயலிகள் படிப்பதில்லை. அவற்றை ஃப்ளாக் வடிவுக்கு மாற்றினால், ஒலியில் ஒரு துளியும் இழக்காமல் இடமும் மிச்சமாகும், சீட்டும் நிலைக்கும்.

எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய பின்னும் எஞ்சுவது குறிப்புக்கான கட்டம். சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் புறக்கணிக்கும் அக்கட்டத்தில்தான் வேறெங்கும் கிடைக்காத செய்தி இடம்பெற முடியும். “ஒலிநாடா, இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு. தொடக்கத்தில் 4 நொடி தேய்மானம். உறையில் பாடலாசிரியர் பெயர் இல்லை” என்று எழுதியிருந்தால், அதே பாட்டின் தெளிவான பிரதி பின்னர் கிடைக்கும்போது எதை வைத்துக்கொள்வது என்று உடனே முடிவு செய்யலாம். பாடலாசிரியர் கட்டத்தையும் அப்போது வெறுமையாக விடுவது முறையன்று. வெறுமை, இன்னும் தேடவில்லை என்றும் பொருள்படும், தேடியும் அகப்படவில்லை என்றும் பொருள்படும். தேடிப் பார்த்தும் அறியவில்லை என்று அக்கட்டத்தில் எழுதி வைத்தால், அத்தொடரைத் தேடும் ஒரே தேடலில் அத்தகைய பாடல்கள் அனைத்தும் ஒரு பட்டியலாக வந்து நிற்கும். பழைய பாட்டுப்புத்தகம் ஒன்று கைக்கு வரும் நாளிலோ, வானொலியோடு வளர்ந்த பெரியவர் ஒருவரின் அருகில் அமரும் மாலையிலோ, அந்தப் பட்டியலை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பலாம்.